டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாத உலோகம்

கேள்வி: ராணிப்பேட்டை பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் 280 அடி போர் இருக்கிறது. தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சில வாரம் அதுவும் வராது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். போன மாதம் ஆர்.ஓ. மெஷின் விற்கிறவர் வந்து மீட்டரை விட்டுப் பார்த்தார். டிடிஎஸ் 1,140 காட்டியது. பிறகு இரண்டு டம்ளரில் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் இரண்டே நிமிடத்தில் பழுப்பாகி, சேறு மாதிரி கறுத்துவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. “இது பூரா ஹெவி மெட்டல். இதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்கறீங்க” என்றார். பயந்துபோய் தவணையில் மெஷின் வாங்கிவிட்டோம். மீட்டர் 85 காட்டியது. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றதும் அவரே வந்து உள்ளே ஒரு திருகைத் திருப்பிவிட்டுப் போனார். இப்போது 190 காட்டுகிறது.

என் மாமியார், “இருபது வருஷமா இதே தண்ணிதான் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்கிறார். கணவர் டேனரியில் வேலை பார்க்கிறார். அவருக்கு உள்ளங்கை வெடித்து அரிக்கிறது. வங்காளத்தில் தண்ணீரால் கை இப்படி ஆனதாக ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பிள்ளைகளுக்கு எட்டு வயது, மூன்று வயது. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை மாட்டுக்கு வைக்கிறேன். அது சரியா? தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா? எதை நம்புவது என்று சொல்லுங்கள்.

— வாசகி, ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த இரண்டு டம்ளர் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் பயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்புக் கம்பி கரையும். கரைந்த இரும்பு துருவாகி, பழுப்பும் பச்சையும் கறுப்புமாகச் சேறு போல அடியில் தங்கும். நீங்கள் பார்த்த சேறு கம்பியிலிருந்து வந்தது, உங்கள் போரிலிருந்து வந்ததல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது. அவர் மறுபடி வந்தால், அவருடைய ‘சுத்தமான’ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். வீடு வீடாகப் போய்ப் பெண்களை இப்படிப் பயமுறுத்திப் பணம் பண்ணுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் டம்ளரில் காட்டியது பொய் என்பதால் உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நான் சொல்லிவிட முடியாது. நீங்கள் இருப்பது ராணிப்பேட்டை. உங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட உலோகத்துக்குப் பயப்படக் காரணம் இருக்கிறது. அதை டம்ளரும் காட்டாது, டிடிஎஸ் மீட்டரும் காட்டாது.

மீட்டர் என்ன செய்கிறது என்றால், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று ஒரு கணக்கைக் காட்டுகிறது. உங்களுக்கு 1,140 என்றால் லிட்டருக்குச் சுமார் 1,140 மில்லிகிராம் உப்பு. அதில் பெரும்பங்கு சாதாரண உப்பு, சுண்ணாம்பு, மெக்னீசியம் வகையறா. குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த வரம்பைப் போல பத்து மடங்கு குரோமியம் இருந்தாலும் அது அரை மில்லிகிராம்தான். 1,140-ல் அரை கூடினால் மீட்டர் கண்டுபிடிக்காது. மீட்டர் 85 காட்டுவதால் உலோகம் இல்லை என்றாகாது, 1,140 காட்டியதால் உலோகம் இருக்கிறது என்றும் ஆகாது.

இப்போது உங்கள் ஊர்க் கதை. 1970-களில் சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை தொடங்கியது. டேனரிகளுக்கு வேண்டிய குரோம் உப்புகளைத் தயாரித்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை மட்டும் வெட்டவெளியில் மலைபோலக் குவித்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசிவதை உங்கள் பக்கத்து ஜனங்கள் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறார்கள். 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். ஒன்று மூன்று இணைதிறன் கொண்டது. டேனரித் தொட்டியில் தோலைப் பதனிடுவது இதுதான். இது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், லேசில் நகராது. மற்றது ஆறு இணைதிறன் கொண்டது, குரோமேட் என்பார்கள். அந்தக் கழிவு மேட்டில் இருப்பது இது. தண்ணீரில் நன்றாகக் கரையும். மண் துகள் இதைப் பெரிதாகப் பிடித்துவைப்பதில்லை. அதனால் தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். உங்கள் பகுதியில் மேலே கொஞ்சம் மண்ணும் சிதைந்த பாறையும், அடியில் கடினப் பாறையும் இருக்கின்றன. கடினப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். எந்த வெடிப்பு எந்தப் போருக்குப் போகிறது என்று மேலே நின்றுகொண்டு சொல்ல முடியாது. மேட்டுக்குப் பக்கத்து வீட்டுப் போர் தப்பித்திருக்கலாம், தள்ளியிருக்கிற தோட்டத்துப் போரில் வந்திருக்கலாம். எதிர்வீட்டு ரிப்போர்ட்டை வைத்து உங்கள் போரைத் தீர்மானிக்க வேண்டாம். ஒவ்வொரு போரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மஞ்சளாக இல்லையே என்று நினைக்கலாம். மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிற அளவு வரும்போது குரோமேட் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். வரம்பை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ தாண்டிய தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ருசியும் மாறாது. ஜனங்கள் பயப்படுவது குடத்தில் செங்காவி படிய வைக்கும் இரும்புத் தண்ணீருக்கு. அதனால் துணி பாழாகும், டீ கறுக்கும், உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை.

குரோமேட் உடம்பில் என்ன செய்யும்? தூளாகவோ புகையாகவோ சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும், இதில் சந்தேகமே இல்லை. குடித்தால் என்ன என்பதில்தான் நெடுநாள் வாதம் நடந்தது. வயிற்று அமிலம் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கெடுதல் குறைந்த மூன்று இணைதிறன் வகையாக மாற்றிவிடும், அதனால் பயமில்லை என்று ஒரு சாரார் சொன்னார்கள். 2008-ல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்ட ஆய்வாளர்கள் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இரண்டு வருஷம் இந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் புற்றுக்கட்டி வந்திருந்தது. கொடுத்த அளவு அதிகம்தான். ஆனாலும் வயிறு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது. கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூரில் ஒரு எரிவாயு நிறுவனம் 1952 முதல் 1966 வரை துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த குரோமேட் தண்ணீரைக் குழிகளில் விட்டது. கிணறுகள் கெட்டன. வழக்கு 1996-ல் 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அதே மாநிலம் 2024-ல் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கென்றே தனி வரம்பு கொண்டுவந்தது. அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், நம்முடைய மொத்தக் குரோமிய வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு.

வயிற்று அமிலம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். உங்கள் மாமியார் தினமும் காலையில் ‘கேஸ் மாத்திரை’ போடுகிறவராக இருந்தால், அவருக்கு அந்த அமிலப் பாதுகாப்பு குறைவு. பிள்ளைகள் விஷயம் வேறு. உடம்பு எடைக்கு அவர்கள் குடிக்கிற தண்ணீர் நம்மைவிட அதிகம், இன்னும் அறுபது எழுபது வருஷம் வாழ வேண்டியவர்கள். வீட்டில் நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் மூன்று வயதுக் குழந்தைக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு.

‘இருபது வருஷமாகக் குடிக்கிறேன்’ என்கிற மாமியாரோடு சண்டை போடாதீர்கள். அவர் தண்ணீர் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உலோக விஷம் வயிற்றுப்போக்கு மாதிரி மறுநாளே தெரிவதில்லை. சிலி நாட்டில் அந்தோஃபகஸ்தா என்ற நகரம் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் மிகுந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தது. அப்புறம் சுத்திகரிப்பு வந்துவிட்டது. நல்ல தண்ணீர் வந்து பல வருஷம் கழித்தும் அங்கே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சாவுகள் அதிகமாகவே இருந்தன.

நீங்கள் பார்த்த வங்காள வீடியோவும் ஆர்செனிக் பற்றியதுதான். அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டிய பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் முன்பு குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். காலராவிலும் பேதியிலும் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1970-களில் யூனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் ஊர் ஊராக அடிபம்பு போட்டுக் கொடுத்தன. பேதியிலிருந்து பிழைக்க வைக்கச் செய்த நல்ல காரியம் அது. தண்ணீர் தெளிவாக வந்தது, கிருமி இல்லை. ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்செனிக் இருந்தது. காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கும்போது ஆர்செனிக்கும் விடுபட்டுத் தண்ணீரில் கலந்தது. எந்த ஆலையும் கொட்டியதல்ல, மண்ணிலேயே இருந்தது.

1983-ல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மழைத்துளி தெறித்தாற்போல மார்பிலும் முதுகிலும் புள்ளி விழுந்து, உள்ளங்கையும் பாதமும் காய்த்துப்போய் வந்த கிராமத்து நோயாளிகளைப் பார்த்து இது ஆர்செனிக் விஷம் என்று கண்டுபிடித்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய்த் தண்ணீரும் முடியும் நகமும் எடுத்துச் சோதித்து, எச்சரித்துக்கொண்டே இருந்தார். வங்கதேசத்தில் அரசுத் துறை ஆர்செனிக்கை உறுதிசெய்தது 1993-ல்தான். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1992-ல், பிரிட்டன் நிலவியல் ஆய்வுத் துறை அங்கே அடிபம்புத் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையே கொடுத்திருந்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்செனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் லண்டன்வரை வழக்குக்குப் போனார்கள். 2006-ல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. பின்னாளில் சுமார் ஐம்பது லட்சம் பம்புகளைச் சோதித்து, கெட்ட பம்புக்குச் சிவப்பு, நல்ல பம்புக்குப் பச்சை அடித்தார்கள். ஒரே தெருவில் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து இருந்தன.

ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் போயிற்று, ரிப்போர்ட்டும் வந்தது, ஆனால் ஆர்செனிக் என்ற பெயரைச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உங்கள் ஊரிலும் இதே ஆபத்து இருக்கிறது. நீங்கள் ‘தண்ணி டெஸ்ட்’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் வழக்கமாகக் கிடைப்பது நிறம், கலங்கல், அமில-காரத் தன்மை, டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு. பஞ்சாயத்தில் வைத்திருக்கும் சோதனைப் பெட்டியும் ஏறத்தாழ இவற்றைத்தான் காட்டும். ‘குடிக்கத் தகுந்தது’ என்று கீழே கையெழுத்து இருக்கும். குரோமியத்தை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் எழுதிக் கொடுங்கள்: மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம். கூடவே ஈயம், ஆர்செனிக், காட்மியம். உங்கள் பக்கம் பாறைப் பூமி என்பதால் முடிந்தால் யுரேனியமும். அது பாறையிலிருந்து இயற்கையாகவே வரும், கெடுப்பது சிறுநீரகத்தை. வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் முதலில் விசாரியுங்கள். அங்கே இந்த உலோகங்களைப் பார்க்க வசதி இல்லை என்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள். போவதற்கு முன் போன் செய்து பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். உலோகங்களுக்கான பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டிருப்பார்கள், அதை வீட்டில் கழுவிவிடாதீர்கள், பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள். ஆறு இணைதிறனுக்கு அந்த அமிலம் கூடாது, வேறு பாட்டில் கொடுப்பார்கள். அதை ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். தண்ணீரை மாடித் தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு நேராகப் போர் குழாயிலேயே பிடியுங்கள். மெஷினிலிருந்து வரும் தண்ணீரும் ஒரு பாட்டில் தனியாக.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அலகு. மில்லிகிராமில் 0.05 என்பதும் மைக்ரோகிராமில் 50 என்பதும் ஒன்றே. இது தெரியாமல் பயந்தவர்களும் உண்டு, பயப்படாமல் விட்டவர்களும் உண்டு. இரண்டாவது, ‘பி.டி.எல்.’ என்று போட்டிருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். கருவி கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே என்று அதற்குப் பொருள். அந்த அளவு என்ன என்று கேளுங்கள். கருவியே 0.1 மில்லிகிராமுக்கு மேல்தான் கண்டுபிடிக்கும் என்றால், வரம்பு 0.05 ஆக இருக்கும்போது அந்த ரிப்போர்ட்டால் உங்களுக்குப் பயனில்லை. ஒருமுறை பார்த்தால் போதாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பாருங்கள். மழையில் உலோகம் நீர்த்தும் போகலாம், மேட்டிலிருந்து புதிதாக இறங்கவும் செய்யலாம்.

ஆர்.ஓ. மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. விற்ற விதம் தவறே தவிர, நல்ல சவ்வு இருந்தால் குரோமேட்டைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுக்கும். ஆனால் அந்தத் திருகு! அதை டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை, ருசிக்காக, வடிகட்டிய தண்ணீரோடு கலந்துவிடும். மீட்டர் 85-லிருந்து 190 ஆனது அப்படித்தான். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போர் தண்ணீர் அப்படியே உங்கள் டம்ளருக்கு வருகிறது. போரில் குரோமியம் இருந்தால் அதுவும் கூடவே வரும். ரிப்போர்ட் வரும்வரை திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை. சோற்றுக்கு, குழம்புக்கு, பருப்பு ஊறவைக்க எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். அரிசி உலைத் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீர்க் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது பலரும் செய்கிற தவறு. குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் உலோகம் சற்றுக் கூடவே செய்யும். செம்புக் குடம், தேற்றாங்கொட்டை, முருங்கை விதை எல்லாம் கலங்கலைத் தெளியவைக்கவும் கிருமியைக் குறைக்கவும் உதவும், கரைந்திருக்கிற குரோமேட்டை எடுக்காது.

மாட்டு விஷயம். உங்கள் மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு குடத்து உலோகம் மூன்று குடத்தில் இருக்கும், அதாவது போர் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆகவே இதுவும் போர் ரிசல்ட்டைப் பொறுத்ததுதான். அதுவரை மாட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் வேண்டாம். தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் கை தண்ணீரால் ஆனதாக எனக்குத் தோன்றவில்லை. ஆர்செனிக்கில் உள்ளங்கை அரிசி அரிசியாகத் தடித்துக் காய்க்கும், பொதுவாக அரிப்பு பெரிதாக இருக்காது. வெடித்து அரிக்கிறது என்றால், டேனரியில் குரோம் உப்பிலும் மற்ற ரசாயனத்திலும் கை படுவதால் வரும் தோல் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோல் டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எந்தத் தொட்டியில் கை வைக்கிறார் என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறும் ‘அரிப்பு’ என்றால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முழங்கைவரை வரும், ஓட்டையில்லாத கையுறை அவருக்கு வேண்டும்.

போர் ரிப்போர்ட்டில் குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தால் பிள்ளைகளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனையும் சிறுநீரகம், ஈரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தலைமுடியை அனுப்பி ‘ஹெவி மெட்டல் பேனல்’ பார்க்கிறோம், விஷத்தை இறக்க மருந்து கொடுக்கிறோம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் சில விஷங்களுக்கு உண்டு, அவை பெரிய ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு கொடுக்க வேண்டியவை. குரோமேட்டுக்கு அவற்றால் பலனும் இல்லை. அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான் வைத்தியம்.

நிறுத்துவது உங்கள் வீட்டோடு முடிகிற காரியம் அல்ல. ஆர்.ஓ. வாங்க முடியாத வீடுகள் உங்கள் தெருவில் இருக்கும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உங்கள் பாலாற்றங்கரையை வைத்துத்தான். எனவே கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் போர் தண்ணீரையும் இதே மாதிரி குரோமியம் என்று பெயர் எழுதிப் பரிசோதியுங்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் போரின் ஆழத்தையும் தண்ணீர் பிடித்த தேதியையும் குறித்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுவோடு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மனுவில் இரண்டு கோரிக்கை போதும்: தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் தினமும் வர வேண்டும், ஊரிலுள்ள எல்லாப் போரிலும் அடிபம்பிலும் அரசே குரோமியம் பார்த்து முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.